துணையை விட்டுப் பிரியாதீர்கள்

நூலாசிரியை அவர்களுக்கு,

நீ எழுதிய ‘டெல்லி போகும் பெண்களுக்கு’ புத்தகம் நம் ஊர் வளப்பூர் வரை வந்து சேர்ந்துவிட்டது. மகளிர் குழுக் கூட்டத்தில் அதை நானே அறிமுகம் செய்து பேச வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாய். உன் துணிச்சலை என்னவென்று சொல்ல!

மெட்ரோவில் பெண்கள் பெட்டி எங்கே நிற்கும், கரோல்பாக்கில் எப்படிப் பேரம் பேசுவது, எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். நாற்பதாம் பக்கத்தில்தான் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ‘உடன் வந்த தோழியை எந்த நிலையிலும் தனியே விடாதீர்கள்.’ அதுவும் தடித்த எழுத்தில்!

ஏழு வருடத்துக்கு முன் மிளகு விற்க நாம் இருவரும் அங்கே கண்காட்சிக்குப் போனபோது எனக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். "மாத்திரையப் போட்டுட்டுப் படு கண்ணு, தாஜ்மகாலப் பாத்துட்டுப் பொழுதோட வந்தர்றேன்" என்றாய். மூன்றாம் நாள்தான் வந்தாய். அதற்குள் விடுதியில் தரை துடைக்கும் பெண் என்னைத் தோளில் சாய்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இரண்டு நாளும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் பேசிய பாஷையில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. நீ வந்ததும் எடுத்த போட்டோக்களைக் காட்டினாய்.

அவளைப் போன்றவர்களுக்கும் உன் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது: ‘விடுதி ஊழியர்களை நம்பாதீர்கள்.’

கூட்டத்துக்கு நான் வரமாட்டேன்.

அடுத்த வாரம் என் மகள் நேர்காணலுக்கு டெல்லி போகிறாள். "துணைக்கு என் சிநேகிதியக் கூட்டிட்டுப் போகட்டுமாம்மா?" என்று கேட்டாள்.

"வேண்டாஞ்சாமி, தனியாவே போய்ட்டு வா" என்றேன்.

இப்படிக்கு,
அந்த அறையில் காய்ச்சலோடு கிடந்தவள்