கீழே பார்த்து நடக்காதவள்

ஜனவரி 19, திங்கள்
இடது கையால் எழுதுகிறேன். கோழி கிறுக்கல்தான், இருக்கட்டும். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

நேற்று சூரியன் மறைகிற நேரம். கையில் காபி ஜாடியோடு, நாங்கள் குடியிருந்தே ஊர் சுற்றுகிற கிழட்டு வீட்டுவண்டியின் வாசலுக்கு வந்தேன், கீழே பார்த்தேன், படி வெளியே நீண்டிருந்தது. காலை வைத்தேன் — படி இல்லை. காற்றழுத்தத்தில் வெளியே வருகிற படி அது. காற்று குறைந்தால் ஸ்பிரிங் அதை வண்டிக்கடியில் இழுத்துக்கொள்ளும். நான் அரிசோனா மண்ணில் குப்புற விழுந்தேன்.

என் வீட்டுக்காரர் ஆர்லன் ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். குளிர்காலம் கழிக்க வண்டிகளோடு வந்து தங்கியிருக்கும் இந்த முகாமில் கிழவர்கள் எல்லாருக்கும் ஒரு பைத்தியம், சூரியன் இறங்கும்போது அவரவர் வண்டி ஹார்னை அடிப்பார்கள். எங்களுடையதுதான் ஊரைக் கூட்டும். பழைய ரயில் ஹார்ன், இந்தக் குளிர்காலத்தில் வாங்கி அவரே மாட்டியது. அதை அடித்து முடித்துவிட்டு வந்து, கட்டின மனைவியிடம் சொன்ன முதல் வார்த்தை: "கீழ பாத்து எறங்கக் கூடாதா, லோயிஸ்?"

பார்த்தேனே!

ஜனவரி 21
காலையிலிருந்து வண்டிக்கடியில் படுத்து, குழாய் இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீர் தடவினார். ஒரு குமிழி இல்லை, காற்று எங்கும் கசியவில்லை. படியில் ஏறி நின்று குதித்தும் காட்டினார். "பாறை மாதிரி நிக்குது பாரு."

பக்கத்து வண்டி வேர்ன் வேடிக்கை பார்க்க வந்திருந்தான், கூடவே அவனோடு தினமும் காபி குடிக்கிற கூட்டம் முழுக்க. "அப்ப படி நல்லாத்தான் இருக்கு. வீட்டம்மாவத்தான் பழுது பாக்கணும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

ஆர்லனும் சிரித்தார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

ஜனவரி 22
பேசவில்லை. சமைக்கவும் இல்லை.

ஜனவரி 26
வால்வை மாற்றினார். இனி கவலையே இல்லையாம். சாயங்காலம் இறங்கப் போனேன், மறுபடி காலடியில் ஒன்றுமில்லை. கைப்பிடியைப் பிடித்திருந்ததால் தொங்கிக்கொண்டு பிழைத்தேன்.

"படி சுவிட்ச நீயே தட்டியிருப்ப."

"எந்தக் கையால? ஒண்ணு கட்டுல கெடக்கு. இன்னொண்ணு கைப்பிடியில. சொல்லு ஆர்லன், எந்தக் கையால தட்டினேன்?"

அவர் போய் எஞ்சினைப் போட்டார், காற்று ஏறியது, படி சமர்த்தாக வெளியே வந்தது. அவருக்கு அதுவே போதும், நான் பொய் சொல்கிறேன் என்று ஆகிவிட்டது.

டூலூத்தில் இருக்கும் என் தங்கை ஜோனிக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை பஸ்ஸில் அங்கே வந்துவிடுகிறேன் என்றேன்.

"அங்க பனி கொட்டுது, லோயிஸ்."

"கொட்டட்டும். அங்க தரை இருந்த எடத்துலயே இருக்கும்."

ஜனவரி 28
இன்று நான் இறங்கவே இல்லை. ஒற்றைக் கையால் ஜாடியையும் கைப்பிடியையும் சேர்த்துப் பிடிக்க முடியாமல் காபி ஜாடியைப் படியில் வைத்துவிட்டு, உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஆர்லன் ஹார்ன் கயிற்றை இழுத்தார். அது கத்தி ஓய்வதற்குள் டக் என்று ஒரு சத்தம், பிறகு கண்ணாடி உடைகிற சத்தம். ஜாடியும் கீழே பார்த்து நடக்கவில்லை போலிருக்கிறது.

முன்பக்கம் போய்க் காற்றுமானியைப் பார்த்தேன். முள் அடிமட்டத்தில் கிடந்தது.

"எஞ்சினப் போடு. படி வெளிய வந்ததும் நிறுத்து. அப்புறம் கீழ போய் அதையே பாத்துக்கிட்டு நில்லு" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் செய்தார்.

கயிற்றை நான் இழுத்தேன். விடவில்லை. முகாமே வெளியே வந்திருக்கும். அவர் கண்ணெதிரில் படி உள்ளே போனது. ஹார்னுக்கும் படிக்கும் ஒரே தொட்டிக் காற்று. மாட்டியவர் அவர். வண்டியிலுள்ள குழாயையெல்லாம் தடவிப் பார்த்தாயே, உன் பொம்மையை ஒருதரம் சந்தேகப்பட்டாயா?

"இப்ப சொல்லு. யாரு கீழ பாக்கல?"

தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"சிரிச்சாங்களே, அவங்க அத்தன பேர்கிட்டயும் சொல்லு."

"நமக்குள்ளயே இருக்கட்டுமே, லோயிஸ்…"

நமக்குள்ளயா! என்னைக் குருடியாக்கியது ஊர் நடுவில். உண்மை மட்டும் நமக்குள்ளேயா? சூட்கேஸை எடுத்து அடுக்கினேன்.

ஜனவரி 30
நாள் முழுக்க ஸ்பானரும் கையுமாக வண்டிக்கடியில் கிடந்தார். என்னவென்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 31, சனி
மதிய பஸ்ஸுக்குக் கிளம்பினோம். சூட்கேஸை அவர் தூக்கி வந்தார். முகாம் வாசலில், வேண்டாத சாமானை வைத்துவிட்டுப் போகிற மேசையைச் சுற்றிக் கூட்டம். நடுவில் எங்கள் ரயில் ஹார்ன், பளபளவென்று துடைத்து. அதில் கட்டியிருந்த அட்டையை வேர்ன் உரக்கப் படித்துக்கொண்டிருந்தான்:

"நன்றாகக் கத்தும். இலவசம். என் மனைவியின் கையை உடைத்தது இதுதான். அவள் பார்த்துத்தான் இறங்கினாள். — ஆர்லன்."

யாரும் சிரிக்கவில்லை. வேர்ன் என்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான். ஆர்லன் காது வரை சிவந்துபோய் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜோனிக்குப் போன் செய்து வரவில்லை என்றேன். கோபம் தீர்ந்துவிட்டதா? இல்லை. இன்னும் கொஞ்ச நாள் இருக்கும், இருக்கட்டும்.

சாயங்காலம் மற்ற ஹார்ன்களெல்லாம் கத்தின. புது ஜாடியை இடது கையில் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்காமல் காலை வைத்தேன்.

படி இருந்தது.