லைனில் ஆபரேட்டர்

3 ஆகஸ்ட் 1981, திங்கள்

தூறல். கொடியில் கிடந்த அப்பாவின் மைன்ஸ் சட்டை மறுபடி நனைந்துவிட்டது.

டெலிபோன் போர்டில் ஓயாத வேலை. முந்தாநாள் கன்வேயர் பெல்ட்டில் பாவாடை என்ற தொழிலாளியின் இரண்டு விரல்கள் போய்விட்டன. காண்ட்ராக்ட் ஆள். உருளைமேல் இருந்த இரும்பு மூடியை, சுத்தம் செய்ய நேரமாகிறதென்று போன மாதமே கழற்றிவிட்டார்களாம். எங்கள் விந்தியா மெஷின்ஸ் எவ்வளவு பெரிய கம்பெனி! ஒரு மூடி போட முடியாதா? ஆபீசில் "அவனோட அஜாக்கிரதை" என்கிறார்கள்.

5 ஆகஸ்ட், புதன்

நிர்வாக அதிகாரி சங்கரலிங்கம் கூப்பிட்டார். உட்காரச் சொன்னபோதே பயம் வந்தது. மூடி போடும்வரை பெல்ட்டைத் தொட மாட்டோம் என்று பெல்ட் ஓடும் சைட்டில் தொழிலாளர்கள் பேசிக்கொள்கிறார்களாம். மெக்கானிக் சாமிக்கண்ணுமேல் சந்தேகம்.

"சைட் போன்ல யார் யார் பேசுறாங்க, என்னிக்கு நிறுத்தப் போறாங்கன்னு கேட்டுச் சொல்லும்மா சந்திரா. உன் பர்மனென்ட் ஆர்டர் அடுத்த மாசம் என் மேஜைக்குத்தான் வரும்."

சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சரி என்றேனா? தலை ஆடியது.

6 ஆகஸ்ட்

அப்பா அடுத்த வருடம் ரிட்டயர். குவார்ட்டர்ஸைக் காலி செய்யணும். பிறகு என் சம்பளம்தான். அவரிடம் சொன்னேன். தட்டைப் பார்த்தபடியே, "நீ கேக்கலைன்னா இன்னொருத்தி கேப்பா. அதனால மூடி வந்துருமா?" என்றார்.

நாவல்களில் ஒற்றர்கள் வேஷம் போடுகிறார்கள், எல்லை தாண்டுகிறார்கள். எனக்கு போர்டில் சுவிட்சு மாதிரி ஒரு சின்னக் கீயைத் தள்ளினால் போதும். இரண்டு பக்கப் பேச்சும் காதில் விழும்.

7 ஆகஸ்ட்

கேட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி யார் கொண்டுபோவது என்று சாமிக்கண்ணு விசாரித்தார். அவ்வளவுதான்.

8 ஆகஸ்ட், சனி

பேச்சு முடிந்ததா என்று பார்க்கக் கீயைத் திறந்தால் உடனே குரல் கொடுக்கணும் — வேலைக்குச் சேர்ந்த அன்று சீனியர் ஆபரேட்டர் ராஜாம்பாள் அக்கா சொல்லித் தந்தது. "இது எங்க வேலை இல்லேன்னு ரெண்டு பேரும் போய்ச் சொல்வோமாக்கா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் போனா ரெண்டு பேரும் வூட்டுக்குத்தான் போவணும். புக்கு படிச்சிட்டு வந்து பேசாத. எனக்குப் பசங்க இருக்குது." பண்ருட்டி பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்.

10 ஆகஸ்ட், திங்கள்

சைட் போனில் சாமிக்கண்ணு. கீயைத் திறந்தேன். "பேசிக்கிட்டு இருக்கீங்களா? ஆபரேட்டர்."

கொஞ்சம் பொறுத்து மறுபடி. அப்புறம் மறுபடி.

"இன்னாம்மா இது, பேசவே வுட மாட்டியா?" என்று கத்தினார். பிறகு குரல் இறங்கியது. "...சரிம்மா. நேர்லயே பேசிக்கிறோம்."

லைனில் காது இருக்கிறதென்று புரிந்துகொண்டார்.

13 ஆகஸ்ட்

"நடுவுல நடுவுல பூந்து கத்துறியாமே?" சங்கரலிங்கம் கூப்பிட்டுக் கேட்டார்.

"கீயத் திறந்தா குரல் கொடுக்கணும் சார். கொடுக்காம என்னால கேக்க முடியாது."

"முடியாதா, மாட்டியா?"

"மாட்டேன் சார்."

எழுதும்போதுதான் தெரிகிறது, அப்படியா சொன்னேன்! அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

14 ஆகஸ்ட்

ஸ்டோர்ஸுக்கு மாற்றம். பர்மனென்ட் ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. அதுவும் அவர்கள் மனது வைத்தால். "நான் தொழில் சொல்லிக் குடுத்தா, நீ அத வெச்சே வேலைய தொலைச்சிக்கினு நிக்கிற" என்று ராஜாம்பாள் அக்கா திட்டினார். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

25 ஆகஸ்ட்

பெல்ட் நின்றது. ஒரு ஷிஃப்ட் முழுக்க. யாரும் தொடவில்லை.

27 ஆகஸ்ட், வியாழன்

ஸ்டோர்ஸ் முழுக்கக் கிரீஸ் நாற்றம். மத்தியானம் சாமிக்கண்ணு போன் செய்தார்.

"மூடிக்குத் தகடு வந்திச்சாம்மா?"

"காலையிலயே வந்துருச்சுண்ணே. ஆள் அனுப்புங்க."

அப்போது லைனில் மெல்ல ஒரு 'டக்', போர்டில் கீ திறக்கும் சத்தம். இருவரும் நிறுத்திவிட்டோம். யாரோ மூச்சுவிடுவது கேட்டது.

"பேசிகினு இருக்கீங்களா? ஆபரேட்டர்."

ராஜாம்பாள் அக்கா.

கொஞ்சம் பொறுத்து, இன்னும் உரக்க: "இன்னும் பேசிகினுதான் இருக்கீங்களா?"

சாமிக்கண்ணு சிரித்துவிட்டார்.

"பேசிக்கிட்டுதான் இருக்கோம்க்கா" என்றேன்.