மயில் எபிசோடு

பசுமலை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் சொன்னால் தவசி மாமா டீக்கடையில் ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தச் சனிக்கிழமை டிவியில் என் நிகழ்ச்சியைப் பார்க்கக் கடையில் யாரையும் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டாம். குழந்தைகளுக்கு மயிலைப் பற்றிச் சொல்கிறார்கள். சொல்வது வேறொரு பெண்.

"வெள்ளாமைக் காட்டுக்கு மயில் வந்தா விரட்டாதீங்க குட்டீஸ், அது நம்ம விருந்தாளி" என்று எனக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். கேமரா முன்னால் நின்றும் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"சார், எங்கப்பா ஊனுன மக்காச்சோளம் அம்புட்டையும் மயில் கிளறித் தின்னுருச்சு. அதையும் பிள்ளைககிட்டச் சொல்லுவோம் சார்" என்றேன்.

"இது சின்னப்பிள்ளைக புரோகிராம்மா. ஒங்கப்பா கதைய நியூஸ்ல சொல்லிக்கிருவாக" என்றார் டைரக்டர். எல்லோரும் சிரித்தார்கள். நான் மைக்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டேன். எப்படி வைத்தேன் என்று இன்னமும் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் கூப்பிடவில்லை.

அம்மாவிடம் லீவு என்று மட்டும் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை ஊருக்கு வருகிறேன். மறுபடி விதைத்ததற்குக் காவலுக்கு ஆள் இல்லை என்றீர்களே, நான் நிற்கிறேன். மயில்கள் டிவி பார்ப்பதில்லை அப்பா. நான் விரட்டினாலும் ஓடத்தான் செய்யும்.

உங்கள் மகள்