துரைசானி கேட்ட கேள்வி

உங்கள் பழைய கோட்டைத் துவைக்க எடுத்தேன். பையில் காய்ந்த நிலாவரை இலை நாலைந்து கிடந்தது. அந்தக் கசப்பு வாசம் இன்னும் போகவில்லை. நீங்கள் கண்ணை மூடி ஆறு மாதமாயிற்று. வாசத்தோடு அந்த நாளின் படபடப்பும் வந்துவிட்டது. எழுதினாலாவது அடங்குகிறதா பார்க்கிறேன்.

தூத்துக்குடியில் மருந்துக்கு நிலாவரை வாங்க இத்தாலியிலிருந்து வந்த துரை, மனைவியோடு ஆற்றங்கரையில் இருக்கும் நம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். அவர்கள் மனம் குளிர்ந்தால் உங்களுக்கு ஏஜெண்டு வேலை. இல்லையென்றால் காலம் முழுக்கக் கிட்டங்கியில் மூட்டைக்குக் காவல். துரைசானிக்கு இங்கிலீஷ் வராது. அதனால் ஒரு கிழிந்த புத்தகத்தை வைத்து நீங்கள் படித்த இத்தாலியப் பேச்சை எனக்கும் புகட்டினீர்கள். நான் சோறு பரிமாற, நீங்கள் முணுமுணுக்க, அத்தை அதை ஏதோ மந்திரம் என்றே நினைத்தார்.

"உனக்கு என்ன பிடிக்கும்னு அந்தம்மா கேப்பா. 'மி பியாச்சே'ன்னு ஆரம்பிச்சு, தையல் பிடிக்கும்னு சொல்லு. முகத்தை மலர்த்திச் சத்தமாச் சொல்லணும்ளா. இல்லைன்னா பொய்னு நினைப்பாங்க" என்றீர்கள்.

மருமகள் சத்தமாகப் பேசுவதே தப்பு என்கிற வீடு. அதில் பிடித்ததை வேறு சொல்வதா? கல்யாணமாகி எட்டு வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை, நீங்களும்தான். புத்தகத்தில் தையலுக்கு அடுத்து நீச்சல் இருந்தது. "அது நமக்கு வேண்டாம்" என்று தாண்டிப் போனீர்கள். சேரன்மகாதேவியில் ஆற்றோடு வளர்ந்தவள் நான், தாண்டவில்லை.

துரைசானி வந்தார், கேட்டார். அத்தை என் முதுகுக்குப் பின்னால் நின்றார். "மி பியாச்சே நுவோத்தாரே!" என்றேன். வந்தது நீச்சல்தான், அதுவும் கூடம் முழுக்கக் கேட்கும்படி. அந்த அம்மாள் கைதட்டி, எங்கே என்று கேட்டார். நான் ஆற்றுப்பக்கம் கையை நீட்டிவிட்டேன்.

"ஆத்தைக் காட்டுதாளே, என்னலே சொல்லுதா?" என்றார் அத்தை.

உங்கள் முகம் வெளுத்தது. வேலையும் போச்சு, மானமும் போச்சு என்று நினைத்தேன்.

"படித்துறைப் பிள்ளையாருக்குத் தண்ணி ஊத்தப் பிடிக்குமாம், அம்மா" என்று சமாளித்தீர்கள்.

அத்தைக்குப் பரம சந்தோஷம். "அப்பம் வெள்ளிக்கிழமைதோறும் கூட்டிட்டுப் போலே" என்றுவிட்டார். ஏஜெண்டு வேலையும் கிடைத்தது. பிள்ளையாருக்கு ஒரு குடம் ஊற்றிவிட்டு நான் அக்கரை வரை நீந்துவேன். நீச்சல் தெரியாத நீங்கள் என் மாற்றுச் சேலையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு, "சுழல் கிடக்குளா, திரும்பு!" என்று கத்துவீர்கள். கரையில் உங்களுக்கு இருந்த பயம் தண்ணீரில் எனக்கு இருந்ததில்லை.

நீங்கள் போனபின் நான் ஆற்றுப்பக்கம் போகவில்லை. இன்று அத்தை வந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. நான் படித்துறையில நிக்கேன், நீ இறங்கு."

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"ஒரு குடம் தண்ணி ஊத்த ஒரு பொழுதா ஆவும்? எம்மவனுக்கு என்னைக்குளா பொய் சொல்ல வந்திச்சு? உனக்கு நீந்தப் பிடிக்கும்லா?"

"ரொம்பப் பிடிக்கும், அத்தை."

தமிழில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. நீங்கள் சொல்லித்தந்தபடி முகம் மலர்ந்ததா, தெரியவில்லை, அழுதுகொண்டேதான் சொன்னேன். கைகால் நீச்சலை மறந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது. அத்தைக்கும் நீந்தத் தெரியாது.