வாசனை இல்லாத போதை

2024 ஜூன் 11, செவ்வாய்

மறுபடி குடிக்கிறாரா?

எழுதிவிட்டேன். பெங்களூரில் வேலை முடிந்து, ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தவர் வாசல்படியில் தடுமாறிக் கதவைப் பிடித்துக்கொண்டார். நாக்கு குழறியது.

"இன்னாங்க ஆச்சு?"

"ஒன்னுமில்ல லவி. தூக்கம்."

ஆபிரகாம் குடியை விட்டு ஒன்பது வருஷம். செருப்பைக் கழற்றும்போது கிட்டே போய் மூச்சை மோந்தேன். வாசனை இல்லை. வாசனை வராமல் குடிக்கவும் வழி இருக்கும்.

ஜூன் 13

அரிசி டிரம், பரண், அவருடைய டிபன் பை, எல்லாம் பார்த்தாயிற்று. பாட்டில் இல்லை. கிடைத்திருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது.

ஜூன் 16, ஞாயிறு

கோயிலில் பாட்டுக்கு எழுந்தபோது ஒரு பக்கமாகச் சாய்ந்தார். பின் பெஞ்சில் ஜாய் அக்கா யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது: "ஆரமிச்சிட்டாரு போல."

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். "பைபிள் மேல கை வெச்சிச் சொல்லுங்க."

வைத்தார். "குடிக்கல."

அந்தக் கை நடுங்கிற்று. பொய் சொல்கிறவர் கை நடுங்காதா?

ஜூன் 18

குடி இல்லையென்றால் மாத்திரையா?

பதினெட்டு வயதிலிருந்து அவருக்குப் பிட்ஸ், வலிப்பு. தினமும் மூன்று மாத்திரை போடுகிறார், பல வருஷமாக வரவே இல்லை. வெளியே ஒருவருக்கும் சொன்னதில்லை. கம்பெனிக்குத் தெரிந்தால் லேத் மெஷினில் நிற்க விடுவார்களா? அந்த மாத்திரையையே கூடுதலாகப் போட்டுக்கொள்கிறாரோ, போதைக்காக?

இன்று முதல் எண்ணப்போகிறேன். ராத்திரி மாத்திரை போட்ட பிறகு அட்டையில் நாற்பத்திரண்டு.

ஜூன் 21

முப்பத்து மூன்று. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. வேறு எங்காவது வாங்கி ஒளித்து வைத்திருப்பார்.

பொறுக்க முடியாமல் அவருடைய சூப்பர்வைசர் ஸ்ரீநிவாஸுக்குப் போன் செய்தேன். "சார், அவரு அங்க குடிக்கிறாரா? நான் கேட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க."

"நான் கவனிக்கிறேன்மா" என்றார்.

ஜூன் 24, திங்கள்

மதியமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊதச் சொன்னார்களாம், கருவியில் ஒன்றும் காட்டவில்லையாம். ஆனாலும் நேராக நிற்க முடியாத ஆளை மெஷினில் விடமாட்டோம், கூப்பிட்டால் வா என்று சொல்லிவிட்டார்களாம்.

"எவனோ போட்டுக் குடுத்துட்டான் லவி."

நான் காபி கலக்குகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

ஜூன் 25

முகம் கழுவப் போனவர் விழுந்துவிட்டார். நெற்றியில் மூன்று தையல். ராபர்ட்சன்பேட்டையில் டாக்டர் சரத் தைத்து முடித்து, ஒரு விரலைக் காட்டி இடமும் வலமும் அசைத்தார். "தலைய அசைக்காம பாருங்க." விரலின் பின்னால் போன இவர் கண்கள் துடித்துத் துடித்து ஓடின. பிட்ஸ் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள்.

ஜூன் 27

இருபதைத் தாண்டக் கூடாதாம். இவருக்கு முப்பத்தெட்டு.

"எக்ஸ்ட்ரா போடறீங்களா?" டாக்டர் கேட்டார்.

"இல்ல சார்."

டாக்டர் நம்பவில்லை. முகத்திலேயே தெரிந்தது, என் முகம் இத்தனை நாள் இருந்த மாதிரி. எனக்கு என்ன வந்ததோ, பையிலிருந்து இந்த நோட்டை எடுத்து நீட்டினேன். "ஒன்னுகூட அதிகமாப் போடல சார். நான் எண்ணிக்கினே வந்தேன்."

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப வேற இன்னா மாத்திரை சாப்பிடறாரு?"

டிபி மாத்திரை. எங்களோடு இருக்கும் இவர் அண்ணன் சாமுவேலுக்கு மே மாதம் டிபி என்று தெரிந்தது. எங்களுக்கும் தொற்றாமல் இருக்க, தினம் ஒன்று, ஆறு மாதத்துக்கு என்று சுகாதார நிலையத்து நேத்ரா கொடுத்தாள். வேறு மருந்து எதுவும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கத்தான் கேட்டாள். இவர் இல்லை என்றார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கல்லீரல்ல என்சைம்னு கீதும்மா. பிட்ஸ் மருந்தத் தினமும் உடைச்சு, மூத்திரத்துல போற மாதிரி மாத்தி அனுப்பறது அதான். இந்த டிபி மாத்திரை அந்த என்சைமை வேலை செய்ய விடாது. தினம் மூணுதான் உள்ள போச்சு, ஆனா வெளிய போகல. சேர்ந்து சேர்ந்து விஷமாயிடுச்சு. குடிச்சவரு மாதிரிதான் நடப்பாரு."

"நானும் அதே டிபி மாத்திரைதான சார் போடறேன்?"

"நீங்க பிட்ஸ் மருந்து சாப்பிடலியே. அதில்லாம, அந்த டிபி மாத்திரைய உடைக்கறதுக்கு இன்னொரு என்சைம் கீது. சில பேருக்குப் பொறப்புலயே அது மெதுவா வேலை செய்யும். இவரும் அந்த மாதிரின்னு நெனைக்கிறேன்."

பிட்ஸ் மருந்தை இரண்டு நாள் நிறுத்தி, பிறகு குறைத்துக் கொடுத்து, மறுபடி ரத்தம் பார்ப்பாராம்.

ஜூலை 2

நடை நேராகிவிட்டது. பேச்சும் தெளிந்துவிட்டது. தெளிவாகவே கேட்டார்.

"ஸ்ரீநிவாஸுக்குப் போன் போட்டது நீயா?"

"ஆமா."

"நானே நம்பிட்டேன் லவி. குடிச்சிட்டு மறந்துட்டனோன்னு, ரயில்ல வர்றப்ப என் பையை நானே தேடிப் பாத்தேன்."

அவ்வளவுதான். எழுந்து அண்ணன் அறைப் பக்கம் போய்விட்டார்.

ஜூலை 6

பேசவில்லை.

ஜூலை 10

ரிப்போர்ட்டோடு கம்பெனிக்குக் கிளம்பினார். நானும் வரட்டுமா என்றேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

சாயங்காலம் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்ததை அடுப்படியிலிருந்து கேட்டேன். பிட்ஸ் இருப்பதை அவரே சொல்லிவிட்டாராம். இனி லேத் கிடையாது, ஸ்டோரில் வேலை. இருபத்தோரு வருஷமாகக் கம்பெனியில் மூடி வைத்திருந்தது. நான் ஒரு போன் போடாமல் இருந்திருந்தால் —

தெரியவில்லை. அந்தத் தடுமாற்றத்தோடு லேத்தில் நின்றிருந்தால் கை போயிருக்கும். ஆனால் அதற்காகவா போன் செய்தேன்? இல்லையே.

ஜூலை 14, ஞாயிறு

கோயில் முடிந்ததும் ஜாய் அக்காவிடம் போய், நாலு பேர் கேட்கச் சொன்னேன். "அவரு குடிக்கல அக்கா. மருந்து செஞ்ச வேலை. மொதல்ல சந்தேகப்பட்டவ நான்தான்."

இவர் வாசல் கேட் அருகே நின்றிருந்தார். கேட்டிருப்பாரா?

ஜூலை 18

சாயங்காலம் போன் அடித்தது. திரையில் அவர் பெயர். பின்னால் ரயில் சத்தம்.

"லவி, பங்காரப்பேட்டைல கீறேன். பேத்தமங்களா ஏரி மீன் வந்துகீது. வாங்கட்டா?"

என்னோடு பேசிப் பதினாறு நாள். போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"இன்னா, கேக்குதா?"

"கேக்குது. வாங்கிக்கினு வாங்க."

புளி ஊற வைத்துவிட்டேன்.