இடது காதுப் பூ

நவம்பர் 24, மாலை 4.10, பசிபிக் விளையாட்டு கிராமம். உன் அழைப்புகள் ஏழு. கடைசியை மட்டும் எடுத்தேன்.

அம்மா,

"இடது காதுல பூவோட டிவில நிக்கிற! உனக்கு ஆள் இருக்குன்னு நம்ம ரரோடொங்கா தீவு பூரா தெரிஞ்சுபோச்சு. யாருடா அந்த... பொண்ணு?" என்றாய். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகவே இருந்தது.

எங்கள் படகில் துடுப்புப் போடும் மத்தாயோவும், "என்ஜினீயரே, காது மாறிப்போச்சுடா! ஆள் இல்லாதவனுக்கு வலது காதுடா!" என்று சிரித்தான். மாறவில்லை. படகின் சாய்வை மில்லிமீட்டரில் அளக்கிறவன் நான்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். "பொண்ணு" என்று சொல்வதற்கு முன் ஒரு நொடி நின்றாயே, அப்போது என்ன நினைத்தாய்? என்னை ஒட்டி நின்ற டஹிட்டி அணிக்காரன் ஹெய்மனுவின் இடது காதிலும் அதே வெள்ளைப் பூ இருந்தது. பார்த்தாயா?

நாளை இறுதிப் போட்டியில் அவன்தான் எதிரணிப் படகை ஓட்டுகிறான். நம் வீட்டில் யாரும் அவனுக்காகக் கத்தக் கூடாது.

இனி நான் செய்யப்போவது:

1. நாளை அவனைத் தோற்கடிப்பேன்.
2. பரிசளிப்பில் பூவை அதே காதில் வைப்பேன்.
3. செவ்வாயன்று அவனையும் கூட்டிக்கொண்டு சாப்பாட்டு நேரத்துக்கு வருவேன்.
4. வாசலில் நின்று, மேசையில் எத்தனை தட்டு என்று பார்ப்பேன்.

உன் கடைக்குட்டி