கீழ்த்தட்டில் நிற்கும் விமானம்

03.06.1998
இன்று ஒரு வரியை விரல் வைக்காமல் வாசித்தேன். அறுபத்தொன்பது வயதில். எழுத்துக் காட்டித் தந்த மருமகள் புனிதமலர் குசினிக்குள் இருந்தபடி, "மாமா இனிக் கோயிலிலை வாசகம் வாசிக்கப் போறார்" என்று பகிடி விட்டாள். விடட்டும்.

கடையில் சீனி சுற்றித் தந்த பத்திரிகைத் தாள் அது. விமானங்களைச் சுமக்கும் கப்பலைப் பற்றி எழுதியிருக்கிறது. ஒரு தரம் இருந்தால் ஒரு பந்திதான் முடிகிறது.

04.06
கப்பல் ஆயிரத்து நூறு அடி நீளமாம். எங்கள் படகு பதினெட்டு அடி. அறுபது படகை வரிசையாகக் கட்டினாலும் எட்டாது. உள்ளேயே எஞ்சின் திருத்தும் பட்டறை. முக்கியமான சாமான் எல்லாம் இரண்டு இரண்டு: ஒன்று ஓட, ஒன்று கையிருப்பு. இறங்கும் விமானத்தைப் பிடித்து நிறுத்த இரும்பு வடம் கட்டியிருக்கிறார்கள். நூறு தரம் இழுபட்டதும் கழற்றி எறிந்துவிடுவார்களாம். அறாத வடத்தை.

எங்கள் படகின் எஞ்சின் ஒரு கேஸ்கட் தகடு இல்லாமல் இரண்டு மாதமாகக் கிடக்கிறது. எஞ்சின் சாமான் எதையும் ஆமிக்காரர் வவுனியாவுக்கு இங்கால் வர விடுகிறார்கள் இல்லை.

09.06
மத்தேயுவின் எஞ்சினும் நின்றுவிட்டது. தீப்பொறி தருகிற கொயில் எரிந்துபோனது. என் மனைவி செத்துப்போனாள்; மத்தேயு அவளின் தம்பி.

11.06
கரையில் வைத்து எல்லோருக்கும் மூன்றாம் பந்தியை உரத்து வாசித்தேன். மத்தேயு என் தோளுக்குப் பின்னால் நின்றான். கையிருப்புத் தீர்ந்தால் ஒரு விமானத்தைக் கீழ்த்தட்டில் நிறுத்தி, அதன் பாகங்களைக் கழற்றி மற்றவற்றைப் பறக்க விடுவார்களாம். ஓர் எழுத்தும் தடக்கவில்லை. பக்கத்துப் படகுச் சின்னராசா கைதட்டினான்.

மத்தேயு எங்கள் எஞ்சினைப் பார்த்தான். "அத்தான், உங்கட கொயிலைத் தாங்கோ. ஒண்டு ஓடினா ரெண்டு வீட்டிலையும் உலை கொதிக்கும். எனக்குக் கொயில் வாற அண்டைக்கே உங்கடதைக் கழட்டித் தாறன்."

மகன் மெல்ரொன் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான். வாசித்தவன் நான். எப்படி மறுப்பது?

12.06
கழற்றிக் கொடுத்தேன். தாளை மடித்துப் பைபிளுக்குள் வைத்தேன்.

20.06
மத்தேயு வீட்டிலிருந்து நல்ல அறக்குளா மீன் துண்டு வந்தது. நேற்றும் வந்தது.

07.07
சூடை மீன் கொஞ்சம். அதுவும் பழுதானது.

15.07
மெல்ரொன் அலுமினியச் சட்டியின் அடியை வெட்டிக் கேஸ்கட் செய்துவிட்டான். புனிதமலருக்கு இருந்த நல்ல சட்டி அது ஒன்றுதான். வெட்டும்போது பிடித்துக்கொண்டிருந்தவளும் அவள்தான். இனிக் கொயில் திரும்பி வந்தால் எஞ்சின் ஓடும்.

28.07
மத்தேயுவுக்குக் கொயில் வந்து பத்து நாளாம். சின்னராசாதான் சொன்னான். போய்க் கேட்டேன்.

"ஓம் அத்தான், வந்தது. றங்குப் பெட்டிக்குள்ளை கிடக்கு. ஒண்டு ஓட, ஒண்டு கையிருப்பு. நீங்கள்தானே வாசிச்சனீங்கள்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். தேத்தண்ணியும் தந்தான். குடித்துவிட்டு வந்தேன் — ஏன் குடிச்சனான்? அவன்ரை முத்தத்திலை ஊத்திப்போட்டு வந்திருக்க வேணும். எழுத்துப் படிச்சு என்ன கண்டனான்? எழுத்துத் தெரியாத காலத்திலை ஒருத்தனும் என்ரை வாயாலை வந்ததை எடுத்து எனக்கே அடிக்கேல்லை.

30.07
தாளை எடுத்து, அன்று வாசிக்காமல் விட்ட நாலாம் பந்தியை வாசித்தேன். அதுதான் கடைசி. பாகம் கழற்றிய விமானம் பெரும்பாலும் அந்தப் பயணத்தில் மறுபடி பறக்காதாம். புதுச் சாமான் வந்தாலும் ஓடுகிறவற்றுக்கே போகுமாம்.

மத்தேயு எட்டாம் வகுப்புப் படித்தவன். அன்றைக்கு நான் ஒரு பந்தியை முடிப்பதற்குள், பின்னால் நின்று தாள் முழுவதையும் வாசித்திருப்பான்.

06.08
வீட்டில் அரிசி இல்லை. மெல்ரொன் மத்தேயுவின் படகில் கூலி ஆளாகப் போனான். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

19.08
மத்தேயு வந்து எங்கள் எஞ்சினின் காபரேட்டரையும் கழற்றிக்கொண்டு போனான். தன் படகு நின்றால் மெல்ரொனுக்கும் வேலை இல்லை என்றான். நான் எழும்பவில்லை. மெல்ரொன்தான் குறடு எடுத்துக் கொடுத்தான்.

பின்னேரம் எஞ்சினின் மூடியைத் துடைத்துப் போட்டுப் பூட்டினேன். வெளியே பார்த்தால் ஒன்றும் குறையவில்லை. மூடியில் கரியால் என் பெயரை எழுதினேன். சவிரிமுத்து. ஆறு எழுத்தும் நேராக வந்திருக்கிறது.